சோலார் போட்டாச்சு! ஆனால் அந்த மூன்றாவது குழி இருக்கிறதே...

வணக்கம் மக்களே. முகமெல்லாம் வேர்த்திருக்கிறது, கண்டுகொள்ளாதீர்கள். கரண்ட் இல்லை. மாடியில் ஆறு பேனல் ஜம்மென்று வெயில் காய்கிறது, கீழே நான் பனையோலை விசிறியோடு உட்கார்ந்திருக்கிறேன். எதிர்வீட்டு அத்தை காலையிலேயே கேட்டுவிட்டுப் போய்விட்டார்கள்: "ஏட்டி, ரெண்டு லட்சத்தைக் கொட்டி சோலார் போட்டியே, ஒரு ஃபேன்கூட ஓடலையா?"

அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன். முதலில் நல்ல செய்தி. நெட் மீட்டர் வந்துவிட்டது, அதாவது ஈபியிலிருந்து நாம் எடுப்பதையும் நாம் திருப்பி அனுப்புவதையும் தனித்தனியாகக் கணக்கெடுக்கிற மீட்டர்! முந்தாநாள் மாட்டினார்கள். நேற்று ஒரு நாளில் மட்டும் 13.4 யூனிட். நான் மீட்டர் பெட்டி முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்ததைப் பார்த்து அம்மா, "அது என்ன சீரியலா?" என்று கேட்டாள். சீரியலைவிட நன்றாகத்தான் இருக்கிறது.

போன வீடியோவில் பேனல் ஏற்றியதோடு நிறுத்தியிருந்தேன். மூன்று வாரமாக ஏன் சத்தமே இல்லை என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். காரணம் குழி. எர்த்திங் குழி, அதாவது கசிகிற கரண்டும் இடியும் மண்ணுக்குள் இறங்கக் கம்பி புதைக்கிற குழி.

வீட்டு சோலாருக்கு மூன்று தனித்தனி எர்த் வேண்டும். பேனல் பக்கம், அதாவது பேனல் தருகிற டி.சி. கரண்டுக்கு ஒன்று. அந்த டி.சி.யை வீட்டில் ஓடும் ஏ.சி. கரண்டாக மாற்றுகிற பெட்டிதான் சோலார் இன்வெர்ட்டர், அதிலிருந்து வீட்டுக்கு வரும் ஏ.சி. பக்கத்துக்கு ஒன்று. இடிதாங்கிக்கு ஒன்று. நமக்கு மாட்டிக்கொடுத்த தம்பி நல்ல பையன்தான், வேலையும் சுத்தம். ஆனால் இரண்டு குழி தோண்டியதும் மண்வெட்டியைக் கழுவ ஆரம்பித்துவிட்டான். "அக்கா, இடிதாங்கி வயரை ஏ.சி. எர்த்திலேயே சேர்த்துக் கட்டிரலாம், எல்லா வீட்லயும் அப்படித்தான்" என்கிறான். எல்லா வீட்டிலும் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இடி விழுந்தால் அது தன் பாட்டுக்கு நேராக மண்ணுக்குப் போக வேண்டுமே ஒழிய, என் இன்வெர்ட்டரையும் ஃபிரிட்ஜையும் குசலம் விசாரித்துவிட்டுப் போகக் கூடாது.

கொட்டேஷனை எடுத்துப் பார்த்தால், நாலாவது பக்கத்தில் "எர்த்திங் – ஒரு செட்" என்று இருக்கிறது. ஒரு செட் என்றால் எத்தனை? தம்பி கணக்கில் இரண்டு. மூன்றாவது வேண்டுமென்றால் 3,500 ரூபாய் தனியாகவாம்! நான் கத்தரிக்காய்க்கே பேரம் பேசுகிற ஆள் என்று உங்களுக்குத் தெரியும். அன்று மதியம் முழுக்க இதே பேச்சு. டிபன் செட் வாங்கினால் மூன்று அடுக்கில் ஒன்றைக் கடைக்காரர் எடுத்து வைத்துக்கொள்வாரா என்று கேட்டேன். சிரித்தான், ஆனால் இறங்கவில்லை. கடைசியில் அரசுத் திட்டத்துக்கான தொழில்நுட்ப விவரங்களை போனில் திறந்து காட்டினேன். எர்த் கம்பியும் அதைச் சுற்றிக் கொட்டுகிற பவுடரும் அவன் செலவு, தோண்டும் கூலி 600 என் செலவு என்று முடிந்தது. 2,900 ரூபாய் மிச்சம் மக்களே.

ஆனால் மிச்சம் பிடித்த சந்தோஷம் ஒரு மணி நேரம்கூட இல்லை. நாலடியில் பாறை. பாளையங்கோட்டையில் வீடு கட்டியவர்களுக்கு இது புதிதல்ல. கம்பி இறங்கவே இல்லை. மண் ஆழமாக இருக்கும் ஒரே இடம் என் கறிவேப்பிலை நிற்கிற மூலை. ஆமாம், அந்தக் கறிவேப்பிலைதான், மோர் ஊற்றி வளர்த்தேனே, அதேதான். வேரோடு எடுத்துத் தொட்டியில் வைத்திருக்கிறேன். பிழைக்குமா தெரியவில்லை, அதைப் பற்றி இப்போது கேட்காதீர்கள்.

மண்ணுக்குள் கரண்ட் இறங்க எவ்வளவு தடை என்று எர்த் டெஸ்டர் வைத்துப் பார்த்ததில் 3.8 ஓம். 5 ஓமைத் தாண்டக் கூடாது என்பது விதி. கோடையில் மண் காய்ந்தால் அளவு ஏறும், அதனால் குழிக்கு அவ்வப்போது தண்ணீர் ஊற்ற வேண்டும். செடிக்கு ஊற்றிய கை இனிமேல் குழிக்கு ஊற்றும்.

இப்போது கேளுங்கள். ஈபியிலிருந்து பார்க்க வந்தவர் மாடிக்கே முதலில் போகவில்லை. வாசலில் நின்றபடியே கேட்டது, "எர்த் பிட் எங்கம்மா இருக்கு?" நான் தம்பியைத் திரும்பிப் பார்த்தேன். அவன் வானத்தைப் பார்த்தான்.

ஓ, இதையெல்லாம் விட முன்னால் நடந்ததைச் சொல்ல மறந்துவிட்டேன். பெயர் விஷயம். இது முக்கியம், குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் கனெக்ஷன் அப்பா பெயரில் இருந்தது. அப்பா போய் ஆறு வருஷம் ஆகிறது, பில் மட்டும் அவர் பெயரிலேயே வந்துகொண்டிருந்தது. பில் கட்டுகிற வரைக்கும் யாரும் கேட்கவில்லை. ஆனால் வீட்டு மாடி சோலாருக்கு மத்திய அரசு மானியம் தருகிற பி.எம். சூர்ய கர் திட்டத்தில் மானியம் வேண்டுமென்றால் கனெக்ஷன் யார் பெயரில் இருக்கிறதோ அவருடைய வங்கிக் கணக்குக்குத்தான் பணம் வரும். அதனால் முதலில் அம்மா பெயருக்கு மாற்றினோம். வாரிசுச் சான்றிதழ், கோயம்புத்தூரிலிருந்து அண்ணனின் சம்மதக் கடிதம், எல்லாம் சேர்ந்தது. அப்புறம் பார்த்தால் அம்மாவுக்கு ஆதாரில் அவள் அப்பா இனிஷியல், பாஸ்புக்கில் என் அப்பா இனிஷியல். அதற்கு ஒரு நடை. சோலார் யோசனை வந்த அன்றைக்கே, பேனல் விலை விசாரிக்கும் முன்பே, ஈபி பில்லையும் பாஸ்புக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

மானியம் எவ்வளவு என்று கேட்பவர்களுக்கு: முதல் 2 கிலோவாட்டுக்கு கிலோவாட்டுக்கு 30,000, மூன்றாவதற்கு 18,000, மொத்தம் 78,000. அதற்கு மேல் எத்தனை கிலோவாட் போட்டாலும் 78,000தான். நமக்கு 550 வாட் பேனல் ஆறு, 3 கிலோவாட் இன்வெர்ட்டர், கையிலிருந்து கொடுத்தது 1,95,000. இறக்குமதி பேனல் இதைவிட மலிவு. ஆனால் பேனலும் அதற்குள் இருக்கிற சோலார் செல்களும் இந்தியாவில் செய்ததாக இருந்தால்தான் மானியம். டி.சி.ஆர். என்பார்கள். திட்டத்தில் பதிவு செய்த நிறுவனம்தான் மாட்டவும் வேண்டும், ஐந்து வருஷம் பராமரிப்பும் அவர்கள் பொறுப்பு.

மாட்டியதற்கு அத்தாட்சியாக, கனெக்ஷன்காரர் பேனலோடு நிற்கிற போட்டோ ஏற்ற வேண்டும். கனெக்ஷன்காரர் யார்? முழங்கால் வலிக்கிற எங்கள் அம்மா. ஒவ்வொரு படியாக ஏற்றிக் கூட்டிப் போனால், பாதியில் திரும்ப இறங்கிவிட்டாள். ஏனென்றால் பட்டுச்சேலை கட்டவில்லையாம்! அரசாங்கம் பார்க்கும் போட்டோ இல்லையா.

இன்னொன்று. நெட் மீட்டர் வருவதற்கு முன்னால் தம்பி, "வெயில் வீணாப் போகுதுக்கா, ஆன் பண்ணிருவோமா?" என்று கேட்டான். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். அனுமதி இல்லாமல் லைனில் சேர்ப்பது தப்பு என்பது ஒரு பக்கம். பழைய மீட்டர்களில் பலவற்றுக்குக் கரண்ட் வருகிறதா போகிறதா என்ற வித்தியாசமே தெரியாது. நீங்கள் வெளியே அனுப்புகிற யூனிட்டையும் நீங்கள் செலவழித்ததாகக் கூட்டிக்கொண்டே போகும். சோலாரும் போட்டு, பில்லும் ஏறி, அத்தையிடம் பேச்சும் கேட்டு... வேண்டாம். புது மீட்டரில் நாம் எடுக்கிற இம்போர்ட் தனி, நாம் வெளியே அனுப்புகிற எக்ஸ்போர்ட் தனி. நேற்று எக்ஸ்போர்ட் மட்டும் 9 யூனிட்.

பேனலைத் தாங்குகிற ஸ்டாண்டு பற்றியும் கேட்டிருந்தீர்கள். மணிக்கு 150 கிலோமீட்டர் காற்றைத் தாங்க வேண்டும் என்று விதி. நம் ஊர் ஆடிக் காற்றை நினைத்தால் எனக்கு அதுவே போதுமா என்று இருக்கிறது. முழுக்க போல்ட், வெல்டிங் கிடையாது. வெல்டிங் வைத்தால் அந்த இடத்தில் துத்தநாகப் பூச்சு போய்த் துருப்பிடிக்கும். உயரம் ஏழடி, அடியில் வடகம் காயப்போட நிழல்தான் பிரச்சினை, அது நான் யோசிக்காமல் விட்டது.

சரி, அத்தையின் கேள்வி. தெருவில் கரண்ட் போனால் நம் சோலாரும் நிற்கத்தான் வேண்டும். கம்பத்தில் லைன்மேன் ஏறி வேலை பார்க்கிறார், அந்த லைனில் கரண்ட் இல்லை என்று நம்பித்தான் கையை வைக்கிறார். அப்போது என் மாடியிலிருந்து கரண்ட் போனால் அவர் கதி என்ன? அதனால் லைன் செத்த நொடியே இன்வெர்ட்டர் தன்னை அணைத்துக்கொள்ளும்படி செய்திருக்கிறார்கள். இதை அத்தையிடம் சொன்னேன். "அதுக்கு பேட்டரி வாங்கியிருக்கலாம்லா" என்றார்கள். பேட்டரியா? டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி ஊற்றிப் பழைய பேட்டரியோடு நான் பட்ட பாடு போதும். ஜென்மத்துக்கும் வேண்டாம்.

மானியம் இன்னும் வரவில்லை. அம்மா தினமும் போனில் மெசேஜ் பார்க்கிறாள்.

ஆங், ஃபேன் சுற்றுகிறது! கரண்ட் வந்துவிட்டது. இருங்கள், இன்வெர்ட்டர் உடனே சேராது, லைன் நிலையாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சேரும். திரையில் எண் இறங்கிக்கொண்டே வரும். 58... 57... கேமராவைத் திருப்புகிறேன். அம்மா, மோட்டார் போட்டுராதே! அது சேரட்டும்!