கட்சிச் செல்வாக்கா, ஜெயிக்கும் வாய்ப்பா?

அடுத்த கேள்வி. "அமெரிக்காவில் கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரைமரி தேர்தலில் ஒருவருக்குக் கட்சி மேலிடத்தோடும் பெரும்பணக்காரர்களோடும் நெருக்கம் அதிகம். ஆனால் ஜெயிக்கக்கூடியவர் அவர்தான் என்கிறார்கள். வாக்காளர் எதைப் பார்ப்பது?" என்று கேட்டிருக்கிறார் ஒரு நேயர்.

இரண்டையும் தனித்தனியாகப் பிரிப்பதில்தான் சிக்கலே. அந்த நெருக்கமே ஓட்டைக் கூட்டவும் செய்யும், குறைக்கவும் செய்யும்.

2016-ஐப் பாருங்கள். ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளராகப் போட்டியிட்ட ஹிலாரி கிளிண்டன், கோல்ட்மேன் சாக்ஸ் என்ற பெரிய வங்கியில் மூன்று முறை பேசியதற்கு 6,75,000 டாலர் வாங்கியிருந்தார். பிப்ரவரியில், நியூ ஹாம்ப்ஷயரில் நடந்த சிஎன்என் நிகழ்ச்சியில் ஆண்டர்சன் கூப்பர் இதைக் கிளப்பினார்: அவ்வளவு வாங்கத்தான் வேண்டுமா? "அவர்கள் தருவதாகச் சொன்னது அதுதான்" என்றார் ஹிலாரி. இத்தனை காலம் அரசியலில் இருப்பவர் சொல்கிற பதிலா இது! அடுத்த வாரமே அந்த மாநிலப் பிரைமரியில் ஹிலாரியின் கட்சிப் போட்டியாளர் பெர்னி சாண்டர்ஸ் 22 புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தார். சாண்டர்ஸ் பக்கத்து வெர்மான்ட்காரர், அந்தச் சலுகையும் இருந்தது, சரி. ஆனால் மார்ச்சில் மிச்சிகன் பிரைமரியிலும் கருத்துக்கணிப்புகளை மீறி அவரே வென்றார். நவம்பரில், அதிபர் தேர்தலில், அதே மிச்சிகனை ஹிலாரி டிரம்பிடம் 10,704 வாக்கில் இழந்தார்.

கட்சி மேலிடம்தான் ஹிலாரியைத் திணித்தது என்பதையும் நான் ஏற்கமாட்டேன். சூப்பர் டெலிகேட் எனப்படும் கட்சிப் பிரமுகர்கள் பெரும்பாலும் அவர் பக்கம் இருந்தது உண்மை. ஆனால் பிரைமரியில் சாண்டர்ஸைவிட முப்பது லட்சத்துக்கும் மேல் கூடுதல் வாக்கு அவருக்கு விழுந்தது. சாண்டர்ஸ் நின்றிருந்தால் டிரம்பை வென்றிருப்பாரா என்பது வெறும் ஊகம்.

அப்புறம் 2020. ஜோ பைடன் 36 வருடம் செனட்டர், 8 வருடம் துணை அதிபர். அவரைவிடக் கட்சிக்குள் வேரோடிய ஆள் யார்? பிரைமரி சுற்றில் அயோவாவில் நாலாவது, நியூ ஹாம்ப்ஷயரில் ஐந்தாவது என்று தோற்றுக்கொண்டிருந்தார். தென் கரோலினாவில் கறுப்பினத் தலைவரான காங்கிரஸ் உறுப்பினர் ஜிம் கிளைபர்ன் ஆதரவு கொடுத்தார்; கறுப்பின மக்களின் ஓட்டு பைடனுக்குத் திரண்டது. போட்டியாளர்களான புட்டிஜெஜும் குளோபுஷாரும் விலகி அவர் பக்கம் வந்தார்கள். அங்கே பழைய உறவுகள்தான் கைகொடுத்தன.

ஆகவே, உறவு யாரோடு என்று முதலில் பாருங்கள். பிறகு, எதிர்க்கட்சி அதைக் குத்திக்காட்டினால் வேட்பாளரிடம் பதில் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த கோல்ட்மேன் சாக்ஸ் உரைகளின் எழுத்துப்படியைக் கேட்டபோது ஹிலாரி தரவில்லை. அக்டோபரில், தேர்தலுக்கு ஒரு மாதம் இருக்கும்போது, விக்கிலீக்ஸ் அதன் பகுதிகளை வெளியிட்டுவிட்டது. பிரைமரி நேரத்திலேயே கட்சிக்காரர்கள் விடாமல் கேட்டு வாங்கியிருக்க வேண்டிய காகிதம் அது.