மரச்சீனி தொலியும் சயனைடு முறிவு மருந்தும்

(குலசேகரம் பக்கம் ஆடு வளக்குதவங்க கூட்டத்துல பேசினது, பேசின மாதிரியே எழுதிருக்கேன்)

அண்ணமாரே, அக்காமாரே, எங்க சித்தி வீட்டு சினையாடு மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) தொலிய தின்னுட்டு மூச்சு வாங்கி, தள்ளாடி, கண்ணு முன்னால துடிச்சு செத்துது, அன்னைக்கு சித்தி அழுத அழுகை இன்னும் காதுல கேக்குது. ரப்பர் இலைய தின்னாலும் இதே கததான். ரெண்டுலயும் லினமாரின்னு ஒரு பொருள் உண்டும், அதுல இருந்துதான் சயனைடு வருது. செல்லுக்குள்ள ஆக்சிஜன பயன்படுத்துத என்சைம்ல உள்ள இரும்ப அது போய் புடிச்சுக்கிடும், அதனால ரத்தம் நல்ல செவப்பா ஆக்சிஜனோட ஓடும்போதே ஆடு மூச்சுமுட்டி சாவுது.

சரி, எந்த மருந்து நல்லது? 1930கள்ல அமெரிக்கால கே.கே.சென்னு ஒரு ஆராய்ச்சியாளரோட குழு ரெண்டு மருந்த நாய்கள வச்சு பாத்தாங்க. சோடியம் நைட்ரைட், ரத்தத்துல ஆக்சிஜன சுமக்குத ஹீமோகுளோபின்ல ஒரு பங்க மெத்ஹீமோகுளோபினா மாத்தும், அது சயனைட இழுத்துக்கிடும். தயோசல்பேட் கந்தகம் குடுக்கும், ரோடனேஸ்னு ஒரு என்சைம் அத வச்சு சயனைட தயோசயனேட்டா மாத்தி மூத்திரத்துல தள்ளிரும். ரெண்டையும் சேத்து போட்டப்ப தனித்தனியா போட்டத விட ரொம்ப நல்லா வேலை செஞ்சுது.

தயோசல்பேட்னா வேற ஒண்ணுமில்ல, பழைய போட்டோ ஸ்டுடியோல வச்சிருந்த ஹைப்போதான், விலையும் கம்மி. அப்ப அது மட்டும் போதாதான்னு கேப்பீங்க, போதாது. 2012ல வந்த ஆய்வுல 36 பன்றிய மூணு கூட்டமா பிரிச்சாங்க, தயோசல்பேட் மட்டும் போட்ட கூட்டம் தப்பல. நல்ல மருந்துதான், ஆனா மெதுவா வேலை செய்யும், சயனைடு அதுவரைக்கும் காத்து நிக்காது. ஹைட்ராக்சோகோபாலமின்னு இன்னொரு மருந்து போட்டதுல பெரும்பாலும் பொழைச்சுது, கூட தயோசல்பேட் சேத்ததால பெருசா கூடுதல் பலன் இல்ல.

இந்த ஹைட்ராக்சோகோபாலமின்ல கோபால்ட் இருக்கு, அது சயனைட புடிச்சதும் வைட்டமின் பி12 ஆயிருது, எனக்கு இப்பவும் ஆச்சரியந்தான். 2006ல பீகிள் நாய்கள்ல பாத்தப்ப மருந்தில்லாம 18 சதவீதம் பொழைச்சுது, கிலோவுக்கு 75 மில்லிகிராம் போட்டா 79, 150 போட்டா 100. தோலும் மூத்திரமும் செவந்துரும், பிரஷரும் கொஞ்ச நேரம் கூடலாம். தீவிபத்து புகையில மாட்டின மனுசனுக்கு நான் இதத்தான் சொல்லுவேன், ஏன்னா அங்க கார்பன் மோனாக்சைடும் இருக்கும், நைட்ரைட் போட்டா ரத்தம் சுமக்குத ஆக்சிஜன் இன்னும் கொறையும், பிரஷரும் எறங்கும்.

நாய்க்கு ரோடனேஸ் கொறவு, அதனால நாய் கணக்க அப்படியே ஆட்டுக்கு வைக்கக்கூடாது. ஆட்டுக்கு நைட்ரைட்டும் தயோசல்பேட்டும் சேத்து நரம்புல போடுதது கால்நடை டாக்டர் வேலை, நீங்க தொடாதீங்க. உடனே அவர விளிங்க, எத்தன மணிக்கு தின்னுதுன்னு சொல்லுங்க, மிச்சம் கிடக்க தொலிய கையில எடுத்து வச்சுக்கிடுங்க, அத காட்டினா அவரு நேரம் போக்காம மருந்த எடுப்பாரு.