தேனீயைத் தடுத்தால்தான் விதையில்லா வெள்ளரி!

[திரையில்: வெடித்து உலர்ந்த கசடுப் படுகை, அதன் நடுவே காய்த்து நிற்கும் ஒரு தக்காளிச் செடி]

வணக்கம் நேயர்களே. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களில் கசடைக் காயவைக்கும் படுகைகளில், யாரும் விதைக்காமலே தக்காளிச் செடிகள் முளைத்து நிற்பதுண்டு. அந்த விதைகள் எந்த வழியாக அங்கே வந்து சேர்ந்தன என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். உணவு உண்டுகொண்டே இந்தக் காணொளியைப் பார்ப்பவர்கள் என்னைப் பொறுத்தருள வேண்டும். மனிதர் விழுங்கிய தக்காளி விதை, இரைப்பையின் அமிலத்தையும் குடலின் நொதிகளையும் கடந்து, முளைக்கும் திறனோடு வெளியே வந்துவிடுகிறது. நலமான குடலுக்கு இதனால் ஒரு குறையும் இல்லை. குடலில் நீடித்த அழற்சியை உண்டாக்கும் கிரோன் நோயால் ஏதோ ஓரிடத்தில் வழி குறுகிப்போன குடலுக்கோ, செரிக்காத விதையும் தோலும் நாரும் அந்த இடுக்கில் சிக்கிக்கொள்ளக்கூடிய பொருள்கள். சிறுகுடலை வயிற்றுக்கு வெளியே திறந்துவைக்கும் அறுவைச் சிகிச்சைக்குப் பிந்தைய முதல் சில வாரங்களிலும், பெருங்குடல் அகநோக்கிச் சோதனைக்கு முந்தைய சில நாள்களிலும், மருத்துவர்கள் விதையைத் தவிர்க்கச் சொல்வது வழக்கம்.

விதையில்லாக் காய்களை வீட்டுத் தோட்டத்திலேயே வளர்ப்பது எப்படி என்று சொல்லும் இந்தக் காணொளி இவர்களுக்காகத்தான். குடல் நோய் உள்ள எல்லோருக்கும் விதை ஆகாது என்று எண்ணிவிட வேண்டாம். பெருங்குடல் சுவரில் சிறு பைகள் தோன்றும் டைவர்டிகுலோசிஸ் உள்ளவர்களிடம், விதையும் கொட்டையும் அந்தப் பைகளுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும் என்று பல பத்தாண்டுகளாகச் சொல்லி வந்தார்கள். அமெரிக்காவில் 47,228 ஆண்களை 18 ஆண்டுகள் பின்தொடர்ந்து 2008-இல் வெளியான ஆய்வில், கொட்டைகள், மக்காச்சோளம், பாப்கார்ன் ஆகியவற்றை உண்டவர்களுக்கு அந்த நோயின் சிக்கல்கள் கூடவில்லை. கொட்டையையும் பாப்கார்னையும் அதிகம் உண்டவர்களுக்குப் பைகளில் அழற்சி ஏற்படும் வாய்ப்பு குறைவாகவே இருந்தது. ஆகவே, விதையை விலக்க வேண்டிய நிலை உங்களுக்கு உண்டா என்பதை முதலில் உங்கள் மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அவர் ஆம் என்றால் மண்வெட்டியை எடுக்கலாம்.

[திரையில்: குறுக்கே வெட்டிய இரண்டு வெள்ளரிகள், ஒன்றில் விதை, மற்றொன்றில் வெறும் சதை]

காய் என்பது விதைகளுக்காகச் செடி கட்டும் வீடு. மகரந்தம் வந்து சூல்கள் கருவுற்றதும், வளரத் தொடங்கும் விதைகளோடு சேர்ந்து ஆக்சின், ஜிப்ரெல்லின் முதலிய வளர்ச்சி ஊக்கிகள் பெருகிச் சூற்பையைப் பருக்க வைக்கின்றன. கருவுறாத பூவோ பெரும்பாலும் வாடி உதிர்ந்துவிடுகிறது. சில செடிகள் மட்டும் அவ்வளவு பொறுமை காப்பதில்லை. குடிவர ஆளே இல்லாத வீட்டைக் கட்டி முடித்து, வெள்ளையும் அடித்து, வாசலில் கோலமும் போட்டுவிடுகின்றன. வெள்ளரியில் இந்த விந்தையைக் கவனித்த ஜெர்மானியத் தாவரவியலாளர் ஃப்ரிட்ஸ் நோல், 1902-இல் இதற்குப் 'பார்த்தெனோகார்ப்பி' என்று பெயரிட்டார். கிரேக்கத்தில் 'பார்த்தெனோஸ்' என்றால் கன்னி, 'கார்ப்போஸ்' என்றால் கனி. நம் பாடநூல்கள் இதைக் 'கருவுறாக் கனி' என்கின்றன. அது துல்லியமான சொல்தான். ஆனாலும் ஓர் ஒற்று மட்டுமே வேறுபடும் கன்னியையும் கனியையும் தமிழே அருகருகே கொண்டுவந்து நிறுத்தும்போது, 'கன்னிக்கனி' என்று ஒருமுறையாவது சொல்லாமல் இருக்க எனக்கு மனம் வரவில்லை.

தோட்டக்கலையில் நாம் கற்ற முதல் பாடம், தேனீ வராவிட்டால் காய் பிடிக்காது என்பது. விதையில்லா வெள்ளரி வளர்ப்பவர் அந்தப் பாடத்தைத் தலைகீழாகப் படிக்க வேண்டும். இதற்கென உருவாக்கப்பட்ட ரகங்களில் பெரும்பாலானவை பெண்பூக்களை மட்டுமே பூப்பவை. தம்மிடம் மகரந்தமே இல்லாததால் அவை தாமாக விதை பிடிக்க வழியில்லை. அண்டை வீட்டுத் தோட்டத்தில் சாதாரண வெள்ளரி பூத்திருந்து, அங்கே குளித்தெழுந்த தேனீ நேராக உங்கள் கொடிக்கு வந்தால், காய்க்குள் விதை பிடிப்பதோடு, காயின் நுனியும் கதாயுதம் போலப் பருத்துக் கோணிக்கொள்ளும். எனவே முதல் பூ விரிவதற்கு முன்பே பூச்சி நுழையாத வலையால் பந்தலை முழுவதும் மூடிவிட வேண்டும். அருகில் சாதாரண வெள்ளரியை வளர்க்கவும் கூடாது. விதை வாங்கும்போது உறையில் 'கருவுறாமலே காய்க்கும் ரகம்' என்ற பொருள்படும் குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். 'பெண்பூ ரகம்' என்று மட்டும் இருந்தால் போதாது, ஏனெனில் பெண்பூ மட்டுமே பூத்தும் மகரந்தத்துக்காகக் காத்திருக்கும் ரகங்களும் உள்ளன.

இப்போது நான் மிகவும் ரசிக்கும் இடத்துக்கு வருகிறேன். வெள்ளரியின் குடும்பத்திலேயே பிறந்த தர்பூசணி, காய்கறியா பழமா என்ற வழக்கை ஒத்திவைத்துவிட்டுச் சொன்னால், விதையை ஒழிக்க முற்றிலும் எதிரான வழியில் போகிறது. சாதாரணத் தர்பூசணியின் ஒவ்வோர் உயிரணுவிலும் 22 குரோமோசோம்கள் உள்ளன. இலையுதிர்காலக் குரோக்கஸ் என்னும் செடியிலிருந்து எடுக்கப்படுவதும், கீல்வாதத்துக்கு மருந்தாகத் தரப்படுவதுமான கால்ச்சிசினை இளநாற்றின் குருத்தில் இட்டால், அந்த எண்ணிக்கை இரட்டித்து 44 ஆகிவிடும். 44 உள்ள செடியின் பெண்பூவில் 22 உள்ள செடியின் மகரந்தத்தைச் சேர்த்தால், பிறக்கும் விதையில் 33 இருக்கும். அந்த மும்மடியச் செடி நன்றாக வளரும், பூக்கும். ஆனால் இனப்பெருக்க அணுக்களைப் பிரிக்கும் வேளையில் மூன்று மூன்றாக நிற்கும் குரோமோசோம்களைச் சரிபாதியாகப் பங்கிட முடியாமல் திணறும். அதனால் விதை உருப்பெறாமல், மெல்லிய வெள்ளைத் தோலாக நின்றுவிடுகிறது. கோதுமை மரபியலில் பெயர்பெற்ற ஜப்பானிய அறிஞர் ஹிட்டோஷி கிஹாரா வகுத்துத் தந்த கணக்கு இது.

வேடிக்கை இனிமேல்தான். வெள்ளரியைப் போல இந்தச் செடி தானாகக் காய்க்காது. காயைப் பருக்கத் தூண்டுவதற்கு மகரந்தம் வேண்டும், அதன் சொந்த மகரந்தமோ பயனற்றது. ஆகவே ஏறக்குறைய மூன்று மும்மடியச் செடிகளுக்கு ஒன்று என்ற கணக்கில் சாதாரணத் தர்பூசணியையும் நட்டு, தேனீயை வரவேற்க வேண்டும். ஒரே குடும்பத்தின் இரண்டு கொடிகளில் ஒன்றுக்குத் தேனீ வந்தால் விதை. மற்றொன்றுக்குத் தேனீ வராவிட்டால் காயே இல்லை. இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வளர்க்க நினைப்பவர், வலையை எந்தக் கொடிக்குப் போடுகிறோம் என்பதில் கவனமாக இருக்க வேண்டும்.

[திரையில்: சுக்கினி, தக்காளி, கத்தரிக்காய்]

பூசணி இனத்தைச் சேர்ந்த சுக்கினியிலும் கருவுறாமலே காய்க்கும் ரகங்கள் உண்டு. அவற்றில் ஒன்றான 'பார்த்தெனான்' ரகத்தின் பெயரே அதன் குணத்தைச் சொல்லிவிடுகிறது. ஒரு சாண் நீளத்திலேயே பறித்துவிட்டால், சாதாரண ரகத்திலும் விதை இறுகியிருக்காது. கத்தரியில் 'அனோமினோரி' என்ற ஜப்பானிய ரகம் இவ்வாறு காய்ப்பது. தக்காளியிடம் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். அமெரிக்காவின் ஒரேகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் பேகெட் உருவாக்கிய 'ஒரேகன் ஸ்பிரிங்', 'சைலெட்ஸ்' போன்ற ரகங்கள், மகரந்தம் சரிவர வேலை செய்யாத குளிர்ந்த நாள்களிலும் காய்க்க வேண்டும் என்பதற்காகப் பிறந்தவை. குளிரில் பிடிக்கும் முதல் காய்களில் விதை இருக்காது அல்லது மிகச் சிலவே இருக்கும். வெயில் ஏறிய பிறகு அதே செடி விதையோடு காய்க்கத் தொடங்கிவிடும். விதை கூடாதவர் தட்டுக்குப் போகும் முன் ஒவ்வொரு பழத்தையும் வெட்டிப் பார்ப்பதே நல்லது. மேலும் தக்காளித் தோலும் குடலில் செரிக்காது. விதையில்லாப் பழத்தைத் தேடி வளர்த்துவிட்டுத் தோலோடு சமைப்பது, முன்கதவைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்துவைப்பது போன்றது. கொதிநீரில் சற்று நேரம் இட்டு எடுத்தால் தோல் எளிதாக உரிந்துவிடும்.

கேரட், பீட்ரூட், உருளைக்கிழங்கு போன்றவற்றில் நாம் உண்ணும் பகுதியில் விதையே கிடையாது என்பதால், அவற்றுக்கு இந்தப் பாடு எதுவும் தேவையில்லை.

விதையே இல்லாத வெள்ளரிக்கு விதை எங்கிருந்து வருகிறது என்று இவ்வளவு நேரமாக நீங்கள் யோசித்துக்கொண்டிருந்தால், உங்களை எனக்குப் பிடித்துவிட்டது. வெள்ளரியில் பெண்பூவைத் தூண்டுவது எத்திலீன் என்னும் வாயு வடிவ ஊக்கி. பெண்பூ மட்டுமே பூக்கும் செடியின் மீது வெள்ளி சேர்ந்த கரைசலைத் தெளித்தால், எத்திலீனின் செயல் தடைப்பட்டு, அந்தச் செடியில் ஆண்பூக்கள் தோன்றும். அந்த மகரந்தத்தை மற்றொரு பெண்பூச் செடியில் சேர்த்து, கருவுறாமலே காய்க்கும் ரகத்தைக் கட்டாயப்படுத்திக் கருவுறச் செய்து, விதை எடுக்கிறார்கள். அதனால்தான் இவ்வகை விதைகள் எண்ணி எண்ணி, விலை கூடுதலாக விற்கப்படுகின்றன.

உங்கள் பந்தலில் காய்க்கும் முதல் வெள்ளரியைக் குறுக்கே வெட்டிப் பார்த்து, உள்ளே என்ன இருந்தது என்பதைக் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். நுனி பருத்திருந்தால், வலையில் ஓட்டை எங்கே இருந்தது என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.