எனக்குப் பேர் மட்டும் காணும்

நடுவர் ஐயா, எங்கட அணி, எதிரணி, பின்னுக்கு நிண்டு ரோல்ஸ் சாப்பிடுற தம்பிமார், எல்லாருக்கும் வணக்கம். எட்டு நிமிசம் தந்திருக்கினம், அதில அரை நிமிசம் இந்த மைக்கைப் பதிக்கவே போட்டுது, ஆனபடியால் வாழ்த்துப்பா ஒண்டும் இல்லை.

தலைப்பு தெரியும்தானே. அமெரிக்கக் கறுப்பினப் பாடகி டீனா டர்னர் நிலைக்கப் போறது பாட்டாலயோ, இல்லை இனம், பெண், நீதி எண்டு அவ அசைச்சுவிட்ட விசயங்களாலயோ. நான் ரெண்டாவது அணி. உண்மையைச் சொன்னால் துண்டு குலுக்கிப் போட்டவை, எனக்கு இது விழுந்தது, மற்றது விழுந்திருந்தால் பாட்டுக்கும் கதைச்சிருப்பன். ஆனால் இப்ப அப்பிடி இல்லை, இப்ப எனக்குக் கோவம் வந்திட்டுது.

எனக்கு முதல் கதைச்ச எதிரணி அண்ணை என்ன சொன்னவர்? "அவ ஊர்வலம் போனவவோ, மறியலுக்குப் போனவவோ, கொடி பிடிச்சவவோ? மனுசன் அடிச்சவன், மனுசி ஓடினவ, இது குடும்பப் பிரச்சினை. இதுக்க எங்கயிருந்து சமூகநீதி வந்தது? கடைசியில பாத்தால் அடிச்ச மனுசன் வைச்ச பேரோடதானே அவ செத்தவ!" சபை சிரிச்சுது. நானும் சிரிச்சனான், பொய் சொல்லக்கூடாது, அண்ணை பகிடி வடிவா விடுவார். சிரிச்சு முடிஞ்ச பிறகுதான் யோசிச்சன், நாங்கள் இப்ப எதுக்குச் சிரிச்சனாங்கள்?

சரி, ஓடினவ எண்டியள். எப்பிடி ஓடினவ எண்டு சொல்லட்டே?

1976, யூலை முதல் கிழமை, அமெரிக்காவில டலஸ் நகரம். நாட்டுக்குச் சுதந்திரம் கிடைச்சு 200 வருசம் எண்டு ஊரெல்லாம் கொடி. விமான நிலையத்தில இருந்து ஹொட்டலுக்குக் கார் போகுது. உள்ளுக்கு அவவின்ர மனுசன் ஐக் டர்னர், பக்கத்தில வெள்ளை உடுப்போட டீனா. அவர் உருகின சொக்லேட்டை நீட்டுறார், இவ வெள்ளை உடுப்பில பட்டிடும் எண்டு கையை இழுக்கிறா. அவ்வளவுதான், ஒரு சொக்லேட்! அடி விழத் தொடங்கீட்டுது. ஆனால் அண்டைக்கு ஒரு புதுச் சங்கதி நடந்தது, இவவும் திருப்பி அடிச்சவ. ஹொட்டலுக்குப் போய்ச் சேரேக்க முகம் வீங்கி, உடுப்பெல்லாம் ரத்தம். அவர் கட்டில்ல விழுந்து நித்திரை. இவ இருந்து பாக்கிறா, மூச்சுச் சீரா வருதோ எண்டு பாக்கிறா (இந்த இடம் இஞ்ச இருக்கிற சில அக்காமாருக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை), பிறகு தலையில ஒரு துணியைச் சுத்திக்கொண்டு கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பின்வாசலால வெளியில வந்தா. முன்னால பெரிய நெடுஞ்சாலை. லொறி வருது, கார் வருது, அதுக்கு நடுவில ஓடினவ, ஒரு லொறி அவவில முட்டாமல் மயிரிழையில போனது. அந்தப் பக்கம் இன்னொரு ஹொட்டல். கையில 36 சதம். 36 டொலர் இல்லை ஐயா, சதம்! அதோட பெற்றோல் அடிக்கிற அட்டை ஒண்டு. கார் இல்லை, பெற்றோல் அட்டை மட்டும் இருக்கு.

இனி நல்லாக் கேளுங்கோ. 36 சதத்துக்கு ஆர் அறை தருவினம்? அவ என்ன செய்தவ எண்டால் கண்ணாடியைக் கழட்டி, முகாமையாளரிட்டப் பேரைச் சொன்னவ. நான் டீனா டர்னர், மனுசனோட சண்டை, கையில காசில்லை, அறை தாங்கோ, காசு பிறகு கட்டாயம் தருவன் எண்டு சொன்னவ. அறை கிடைச்சுது. எதுக்குக் கிடைச்சுது? 36 சதத்துக்கோ? இல்லை, அண்ணை நக்கலடிச்ச அந்தப் பேருக்குக் கிடைச்சுது. அண்டிரவு அவ அடகு வைச்ச ஒரே சாமான் அந்தப் பேர்தான்.

குடும்பப் பிரச்சினை எண்டியள் என்ன? அது டலஸ், டெக்சாஸ் மாநிலம். பன்னிரண்டு வருசத்துக்கு முதல், 1964 சிவில் உரிமைச் சட்டம் வர முதல், அதே ஊரில ஒரு கறுப்புப் பொம்பிளை நடுச்சாமத்தில வெள்ளைக்காரற்ற ஹொட்டல் வாசலில வந்து நிண்டால், கையில காசிருந்தாலும் கதவைச் சாத்திப் போட்டுப் போகலாம், கேக்க ஆளில்லை. அந்தக் கதவைத் திறக்கத்தான் ஆரோ ஊர்வலம் போனவை, ஆரோ மறியலுக்குப் போனவை. திறந்த கதவுக்குள்ள ரத்த உடுப்போட நுழைஞ்சவ இவ. ஊர்வலம் போனவையைக் கும்பிடுறன். ஆனால் ஊர்வலம் ஆருக்காகப் போனது அண்ணை, இப்பிடி ஒரு மனுசிக்காக இல்லையே?

இனிப் பேருக்கு வாறன். அண்ணை, பேர் உங்களைச் சும்மா விடாது.

அவவின்ர சொந்தப் பேர் அன்னா மே புல்லக். 1939 இல பிறந்தவ, டென்னசி மாநிலத்தில நட்புஷ் எண்ட சின்ன ஊர்ப் பிள்ளை, சின்ன வயசில பருத்தி ஆய்ஞ்சவ. தாய் விட்டிட்டுப் போனா, பிறகு தேப்பனும் போனார், அம்மம்மாவிட்ட வளந்தவ. 1960 இல முதல் பாட்டுத் தட்டு வெளியில வருது, அதில பாத்தால் டீனா டர்னர் எண்டு கிடக்கு. இவவிட்ட ஆரும் கேக்கேல்லை. அப்ப ஐக்குக்கு இவ மனிசி கூட இல்லை. காட்டு ராணிக் கதை ஒண்டில வந்த ஷீனா எண்ட பேருக்கு எதுகையா டீனா எண்டு அவரே வைச்சு, அவரே பதிவும் செய்து போட்டார். ஏன் பதிஞ்சவர்? இவ விட்டிட்டுப் போனால் இன்னொரு பெட்டையைக் கொண்டந்து அதே பேரில மேடையில ஏத்தலாம் எண்டு. விளங்குதே? ஆள் மாறலாம், லேபல் மாறாது, அரிசிச் சாக்கு மாதிரி. எனக்கு உது சரிவராது எண்டு இவ வாய் திறக்க, சப்பாத்து விரிக்கிற மரக்கட்டையால அடி.

அந்தப் பேரைத்தான் 1978 இல விவாகரத்து வழக்கில இவ கேட்டவ. காசு, பெரிய சொத்து எல்லாம் உனக்கு, எனக்கு என்ர பேர் காணும் எண்டு. ரெண்டு ஜாகுவார் காரும் கிடைச்சதெல்லே எண்டு அண்ணை எழும்பப் பாக்கிறார், இருங்கோ அண்ணை, கிடைச்சதுதான், அதோட நிண்டுபோன கச்சேரியளின்ர கடனும் இவவின்ர தலையிலதான் விழுந்தது, அரசாங்கம் இல்லாதவைக்குக் குடுக்கிற உணவு முத்திரையில சாப்பிட்டவ, அதையும் சேத்துக் கணக்கை எழுதுங்கோ. அடிமைக்குச் சூடு வைக்கிற மாதிரி வைச்ச பேர் அது. அதை எறிஞ்சிருக்க வேணும் எண்டு சொல்லுறது எங்களுக்குச் சுகம். பதினாறு வருசம் தொண்டை கிழியப் பாடி அந்தப் பேருக்கு விலை ஏத்தினது ஆர்? அவரோ, இவவோ? தன்ர உழைப்பைத்தான் கேட்டவ, மனுசன்ர பேரை இல்லை.

இனம் எண்டு கேட்டியள், கெதியாச் சொல்லுறன், நேரம் போகுது. 1966 இல இவ பாடின ஒரு பாட்டு இங்கிலாந்தில மூண்டாம் இடம், சொந்த நாட்டில 88. வெள்ளைக்காரற்ற வானொலிக்கு அது அளவுக்கு மிஞ்சின கறுப்பு, கறுப்பினத்தவரின்ர வானொலிக்கு அது அளவுக்கு மிஞ்சின வெள்ளை. 1967 இல ரோலிங் ஸ்டோன் எண்ட இசைப் பத்திரிகையின்ர ரெண்டாவது இதழ் அட்டையில இவதான், அந்த அட்டைக்கு வந்த முதல் பொம்பிளை, முதல் கறுப்பினக் கலைஞர். 1984 இல, 44 வயசில, இனி உனக்கு ஒண்டுமில்லை எண்டு எல்லாரும் சொல்லி முடிச்ச பிறகு இவவின்ர பாட்டு அமெரிக்காவில முதலாம் இடம். 1988 இல பிரேசில்ல, ரியோவில மரக்கானா மைதானத்தில 180,000 சனம். அதுவும் பாட்டுத்தானே எண்டுவியள், ஓம் பாட்டுத்தான், எடுத்துக்கொள்ளுங்கோ, நான் கஞ்சமில்லை.

ஆனால் 1981 இல ஒரு சஞ்சிகைக்கு மனுசன் அடிச்ச கதையை வாய் திறந்து சொன்னவவே, அது என்ன ராகம்? 1986 இல அதைப் புத்தகமாப் போட்டா, 1993 இல படமா வந்தது, 1994 இல பெண்களுக்கு எதிரான வன்முறைக்கு அமெரிக்காவில மத்திய சட்டம் வந்தது. இவவாலதான் சட்டம் வந்தது எண்டு நான் சொல்லேல்லை. ஆண்டுகளை மட்டும் அடுக்கினனான், மிச்சத்தை நடுவர் ஐயா பாத்துக்கொள்ளுவார்.

இன்னொண்டு, இது எங்கட ஊர்க் கதை. 2013 இல இவ கல்யாணம் கட்டேக்க அமெரிக்கக் கறுப்பினத் தொலைக்காட்சிக்காரி, பெரும் பணக்காரி ஓப்ரா வின்ஃப்ரே இஞ்ச சுவிஸில சூரிச்சுக்கு வந்தவ. கடையில ஒரு கைப்பையைக் காட்டச் சொல்ல, அது விலை கூட எண்டு விற்கிற பொம்பிளை வேற பையைக் காட்டினாவாம். ஓப்ராவுக்கு! கடையை இல்லை, தெருவையே வாங்கக் கூடியவவுக்கு! கடைக்காரர் அது விளங்காமல் நடந்தது எண்டவை, விசயம் இவ்வளவு பெருத்ததுக்கு ஓப்ராவும் பிறகு வருத்தம் சொன்னவ, அதை விடுவம். ஆனால் இந்தச் சபையில கைப்பைக் கடையில அந்தப் பார்வை படாத ஆர் இருக்கினம், கையைத் தூக்குங்கோ பாப்பம். ஒருத்தரும் இல்லை. அண்ணையும் தூக்கேல்லை, நன்றி அண்ணை.

அதே வருசந்தான் டீனா சுவிஸ் பிரசையானவ. பரீட்சை, நேர்முகம், டொச் மொழி, எல்லாம் எங்களைப் போலதான். 180,000 சனத்துக்கு முன்னால நடுங்காத மனுசி கெமைண்ட, அதுதான் ஊர்ச்சபை, ஆக்களுக்கு முன்னால நடுங்கியிருப்பாவோ எண்டு நான் அடிக்கடி யோசிக்கிறது, ஏனெண்டால் நான் நடுங்கினனான்.

மணி ஒருக்கா அடிச்சிட்டுது, தெரியும் ஐயா. இன்னும் ஒண்டு.

அம்மா முன்வரிசையில இருக்கிறா, அவவின்ர பேரைச் சொல்லமாட்டன், கூச்சப்படுவா. இஞ்ச வந்தாப் போல கடதாசியில அப்பாவின்ர பேர்தான் குடும்பப் பேராப் பதிஞ்சுது, எங்கட ஆக்கள் கனபேருக்கு அப்பிடித்தானே. முப்பது வருசமா டொக்டரிட்ட, வங்கியில, தபாலில எல்லா இடமும் அம்மாவை அப்பாவின்ர பேரிலதான் கூப்பிடுறது. அப்பா நல்ல மனுசன், கை நீட்டாத மனுசன், அந்தக் குறை ஒண்டும் இல்லை. அவர் செத்து நாலு மாசத்தால அம்மாவை டொக்டரிட்டக் கூட்டிக்கொண்டு போனன். தாதி வந்து கூப்பிட்டவ, ப்ரௌ, அதுதான் திருமதி, போட்டு அப்பாவின்ர பேர். அம்மா எழும்பேல்லை. திரும்பிக் கதவைப் பாத்தா. அப்பா வாறாராக்கும் எண்டு பாத்தா.

நான் ஒண்டும் சொல்லேல்லை, என்னத்தைச் சொல்லுறது.

போன கோடையில அம்மாவை ஏரிக்கரைக்கு நடத்திக்கொண்டு போனன், கூஸ்னாக்ட் பக்கம், டீனா இருந்த ஊர், 2023 இல செத்தாப் போல கேற்றடியில சனம் பூக் கொண்டுபோய் வைச்ச ஊர். அந்த ஊரில தண்ணியில தாழுற ஆக்களைத் தூக்கிற மீட்புப் படகு ஒண்டு இருக்கு, அதுக்கு டீனா எண்டு பேர். அவவை வைச்சே பேர் சூட்டின படகு. அம்மா டொச் வகுப்பில படிச்ச எழுத்தைக் கூட்டிக் கூட்டி வாசிச்சா, டீ, னா. பிறகு என்னைக் கேட்டா, பிள்ளை, உந்தப் பேர் ஆர் வைச்சது எண்டு.

ஐக் எண்டு சொல்லவோ, கெமைண்ட எண்டு சொல்லவோ, எனக்கு வாய் வரேல்லை ஐயா. அம்மாவே சொன்னா, ஆர் வைச்சால் என்ன, நல்ல வடிவா எழுதி இருக்கினம் எண்டு.

ரெண்டாவது மணியும் அடிச்சிட்டுது. வணக்கம்.