எழுதத் தெரிந்தவர் எழுத மறுக்கலாமா?

கேள்வி: தொண்டிப் பக்கத்துல இருந்து ஒரு சகோதரர் கேட்டிருக்காங்க. "எங்க கடற்கரைத் தெருவுல ஓரளவு படிச்சவன் நான்தான். கடன் நோட்டு எழுத எல்லாரும் என்கிட்டயே வர்றாங்க. எதுக்கு வம்புன்னு ஒதுங்கிக்கலாமா?"

பதில்: ஒதுங்கக் கூடாதுங்க. குர்ஆன்லயே ரொம்ப நீளமான வசனம் அல்பகரா அத்தியாயத்தோட 282வது வசனம். அது முழுக்க கடன் எழுதுறதைப் பத்தினது. எழுதத் தெரிஞ்சவர், அல்லாஹ் தனக்குக் கத்துக்கொடுத்தபடி எழுதட்டும், மறுக்க வேண்டாம்னு அதுல வருது. எழுத வேற ஆள் இருந்தா அவர்கிட்ட அனுப்பலாம். நீங்க ஒருத்தர்தான்னா உங்க மேல கடமையாயிடும். அதே வசனம், எழுதுறவருக்கும் சாட்சிக்கும் தொந்தரவு கொடுக்கக் கூடாதுன்னும் சொல்லுது. அதனால நடு ராத்திரியில கதவைத் தட்டினா, காலையில வாங்கன்னு சொல்லலாம். உழைப்புக்கு நியாயமான கூலியும் வாங்கலாம்.

சரி, எப்படி எழுதறது? வாசகத்தைச் சொல்ல வேண்டியது கடன் வாங்குறவர். வசனத்துல இது தெளிவா இருக்கு. நம்ம கடற்கரையில நடக்கிறது நேர்மாறு. பணம் கொடுக்கிற வியாபாரி சொல்லச் சொல்ல நாம எழுதுறோம், வாங்குறவர் ஓரமா நின்னு கைநாட்டு வைக்கிறார். அப்படி எழுதாதீங்க. வாங்குறவர் முகத்தைப் பார்த்து, "உங்க கைக்கு எவ்வளவு வந்துச்சு?"ன்னு கேளுங்க. நோட்டு 50,000-க்கு இருக்கும், முன்கூட்டியே பிடிச்சுக்கிட்டு 45,000 தான் கொடுத்திருப்பாங்க. அந்த 5,000 வட்டிதான், பேர் மட்டும் வேற. கைக்கு வந்த தொகையைத்தான் நீங்க எழுதணும். வட்டி வாங்குறவர், கொடுக்கிறவர், அதை எழுதுறவர், சாட்சிகள் எல்லாரையும் நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் சபிச்சாங்க, எல்லாரும் சமம்னு சொன்னாங்க. முஸ்லிம்ங்கிற நபிமொழித் தொகுப்புல பதிவான ஹதீஸ் இது. அதனால வட்டின்னு ஒரு வரி சேர்க்கச் சொன்னா பேனாவை மூடிடுங்க. ஆனா ஏற்கெனவே எழுதின நோட்டைக் கொண்டு வந்து, இதுல என்ன இருக்குன்னு ஒருத்தர் கேட்டா, கண்டிப்பாப் படிச்சுச் சொல்லணும். வர்றவங்க எந்த மதமா இருந்தாலும் சரி.

தொகையை எண்ணாலயும் எழுதணும், எழுத்தாலயும் எழுதணும். எண் மட்டும் இருந்தா 5,000 பக்கத்துல ஒரு சைபர் சேர்க்க நிமிஷம் ஆகாது. தவணைக்குத் தேதி வேணும். "சீசன் முடிஞ்சதும்"னு எழுதினா பின்னால சண்டைதான். விசைப்படகுல போறவர்னா ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், அந்த நாட்கள்ல வருமானம் கிடையாது. அதுக்குள்ள தவணை விழாம தேதியைப் போடச் சொல்லுங்க. வாங்கினவர் சிரமத்துல இருந்தா வசதி வர்ற வரைக்கும் அவகாசம் கொடுங்கன்னு அதே அத்தியாயத்தோட 280வது வசனமும் சொல்லுது.

இன்னொண்ணு, வெத்துத் தாள்ல கையெழுத்து. ரெவென்யூ ஸ்டாம்ப் ஒட்டி, ஒண்ணும் எழுதாம கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுக்கிறது நிறைய நடக்குது. கடன் நோட்டு, காசோலை மாதிரி ஆவணங்களுக்கான 1881-ஆம் வருஷத்து செலாவணி முறிச் சட்டம் 20வது பிரிவுப்படி, அந்தத் தாளை நிரப்பிக்கிற அதிகாரத்தையே அவர் கொடுத்திட்டதா ஆயிடும். "நான் எழுதல, அவங்களா நிரப்பிக்கிட்டாங்க"ன்னு பிறகு சொல்றது எளிசா எடுபடாது. அதனால எல்லா இடத்தையும் நிரப்பின பிறகு, சத்தமாப் படிச்சுக் காட்டி, ரெண்டு சாட்சி முன்னாடி கையெழுத்தோ கைநாட்டோ வாங்குங்க. கைநாட்டுன்னா "படித்துக் காட்டப்பட்டது, விளங்கிக்கொண்டார்"னு ஒரு வரி எழுதி, எழுதியவர்னு உங்க பேரையும் போடுங்க. பேர் போடத் தயங்குற அளவுக்கு அந்த நோட்டுல ஏதாவது இருந்தா, அதை எழுதவே வேண்டாம்.

கடைசியா, பணம் கட்டக் கட்ட நோட்டுக்குப் பின்னாடி தேதி போட்டு வரவு எழுதச் சொல்லுங்க. முழுசா அடைஞ்ச அன்னைக்கே அசல் நோட்டைத் திரும்ப வாங்கிடணும். ஜெராக்ஸ் கொடுத்தா ஒத்துக்காதீங்க, அசல் அங்கேயே கிடந்தா அடைச்ச கடனை மறுபடி கேட்க வழி இருக்கு.