கீரைக்கு அரிசி கேட்டவளுக்கு ஒரு யானை

நேயர்களுக்கு வணக்கம்.

வெளியூரிலிருந்து விருந்தினர் வந்தால் அவர்களை முதலில் குமரிமுனைக்குத்தான் அழைத்துப் போகிறோம். 133 அடி வள்ளுவரைக் காட்டுகிறோம். பீடத்தின் 38 அடி அறத்துப்பாலின் 38 அதிகாரங்களைக் குறிக்கிறது என்று விளக்கமும் சொல்கிறோம். நம் பக்கத்துக்கு உரிய இன்னொரு வள்ளுவனை யாரும் காட்டுவதில்லை. அவன் நாஞ்சில் மலைக்குத் தலைவன், நாஞ்சில் வள்ளுவன். புறநானூற்றில் அவனைப் பற்றி ஐந்து பாடல்கள் இருக்கின்றன. இரண்டை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன்.

முதலாவது, ஔவையார் பாடிய 140ஆம் பாட்டு. பலாமரங்கள் நிறைந்த நாஞ்சிலின் தலைவன் 'மடவன் மன்ற' என்று தொடங்குகிறார். அறிவில்லாதவன், சந்தேகமே இல்லை என்கிறார். அப்படி என்ன செய்துவிட்டான்? ஆடிப் பாடும் பெண்களான விறலியர் தோட்டத்தில் கீரை பறித்து வந்தார்கள். அதன்மேல் தூவச் சில அரிசி வேண்டும் என்று ஔவை கேட்டார். இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். நம் வீடுகளில் சோற்றுக்குத்தான் கீரை. அங்கே கீரைக்கு அரிசி. அதுவும் 'சில' அரிசி. வறுமையை இதைவிடச் சிக்கனமாகச் சொல்ல முடியாது.

அவன் அரிசி கொடுக்கவில்லை. குன்று போன்ற ஒரு யானையைக் கொடுத்தான். 'தன்னும் தூக்கி' என்கிறது பாட்டு. தூக்குதல் என்றால் நிறுத்துப் பார்த்தல். தராசில் அவன் ஔவையின் பசியை வைக்கவில்லை, தன் தகுதியை வைத்துப் பார்த்தான். 'அன்னதோர் தேற்றா ஈகையும் உளதுகொல்?' இப்படியும் தெளிவில்லாத ஒரு கொடை உண்டா என்று புலவர்களிடமே கேட்கிறார் ஔவை. அது புகழ்ச்சிதான், ஆனால் உள்ளே ஒரு முணுமுணுப்பும் எனக்குக் கேட்கிறது. நெல் விளையும் நாஞ்சில் நாட்டுக்காரனாகிய எனக்கு, அரிசி கேட்டவரை யானையோடு அனுப்பியது இன்னும் சிரிப்பைத்தான் தருகிறது.

அடுத்தது மருதன் இளநாகனாரின் 139ஆம் பாட்டு. நாஞ்சில் என்றால் கலப்பை. மலையின் பெயரும் அதுவே என்பதால், 'உழாஅ நாஞ்சில் பொருந' என்று அவனை விளையாட்டாக விளிக்கிறார். பிறகு விளையாட்டு இல்லை. சுமை தூக்கித் தோள் அழுந்திய இளைஞர்களும், மலையேறிக் கால் நொந்த விறலியரும் தம்மோடு வந்திருக்கிறார்கள். பிழைப்புக்காகப் பொய் சொல்ல மாட்டேன், மெய்யே சொல்கிறேன் என்கிறார். 'ஈதல் ஆனான் வேந்தே; வேந்தற்குச் சாதல் அஞ்சாய் நீயே.' உன் அரசன் கொடுத்துக்கொண்டே இருக்கிறான், நீயோ அவனுக்காகச் சாக அஞ்சாதவன். ஒருநாள் போர் வந்தால் வருந்தப் போவது என் சுற்றம். ஆகவே கனியும் பதம் பார்த்திருக்க இது நேரமில்லை, இப்போதே கொடு.

வீரத்தைப் பாடிய புலவர்கள் ஏராளம். வீரனின் முகத்துக்கு நேராக, உன் வீரத்தை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது என்று சொன்ன குரல் அரிது. கொடுக்கும் கையும் வேல் ஏந்தும் கையும் ஒன்றே என்பது வாங்குகிறவனுக்குத்தான் தெரிகிறது. இந்தப் பயத்தை நம் கடற்கரைக்கு யாரும் உரை எழுதி விளக்க வேண்டியதில்லை. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது, ஆழ்கடலுக்குப் போனவர்களை எதிர்பார்த்துத் தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை வீடுகள் விழித்திருந்தன.

'அறத்திற்கே அன்புசார்பு என்ப அறியார் மறத்திற்கும் அஃதே துணை' என்பது குறள். மறத்தை நீக்கவும் அன்பே துணை என்று பொருள் கொள்கிறார் பரிமேலழகர். மறம் என்பதற்கு வீரம் என்று நேராகவே பொருள் கொள்கிறவர்களும் உண்டு. 139ஆம் பாட்டைப் படித்த பிறகு நான் இவர்கள் பக்கம் சாய்ந்துவிட்டேன். அன்பு அதிகாரத்தில் உள்ள அந்தக் குறளும் பாறைமேல் உள்ள அந்த 38 அடிக்குள்தான் அடங்கியிருக்கிறது.

மறுபடி ஔவையிடம் வருகிறேன். யானை வாசலில் நிற்கிறது, கீரை பாத்திரத்தில் கிடக்கிறது. அன்று அதற்கு அரிசி கிடைத்ததா என்று அவர் சொல்லவே இல்லை.

வணக்கம்.