பணம் எந்த மாதத்தில் வருகிறது?

அவைத்தலைவர் அவர்களுக்கும், மாலை நேரத்து வேலைகளை ஒதுக்கி வைத்துவிட்டு வந்திருக்கும் உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஏழை உழவர் குடும்பத்துக்கு நேரடியாகப் பணம் கொடுப்பதைப் பற்றிப் பேச்செடுத்தாலே, கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "கையில் காசைக் கொடுத்தால் சாராயக் கடைக்குத்தானே போகும்?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. நான் இன்று பேசப்போகும் கென்ய நாட்டு ஆய்வில், பணம் பெற்ற குடும்பங்களின் செலவுக் கணக்கை இனம் இனமாகப் பிரித்துப் பார்த்தார்கள்; மதுவுக்கும் புகையிலைக்கும் ஆன செலவு கூடியிருக்கவில்லை. எனவே அந்தக் கேள்வியை இங்கேயே இறக்கி வைத்துவிட்டு, நாம் அதிகம் கேட்காத வேறொரு கேள்விக்குப் போகிறேன். ஒரு தொகை தருவதென்று முடிவான பிறகு, அதை மாதாமாதம் சிறிது சிறிதாகத் தருவதா, மொத்தமாகத் தருவதா? தொகை எவ்வளவு என்பதற்காக மேடைதோறும் சண்டை போடுகிறோம். அது எந்த மாதத்தில், எந்த வடிவில் வீடு வந்து சேர்கிறது என்பதை விசாரிப்பதில்லை. உழவர் வீட்டைப் பொறுத்தவரை இந்த இரண்டாவது கேள்விதான் முதற்கேள்வி என்பது என் கருத்து.

மேற்குக் கென்யாவில், விக்டோரியா ஏரியை ஒட்டி அமைந்தது சியாயா மாவட்டம். பெரும்பாலும் லுவோ மக்கள் வாழும் பகுதி. மார்ச் முதல் மே வரை நெடுமழை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை குறுமழை என்று ஆண்டுக்கு இரண்டு மழைக்காலங்கள். துண்டு நிலத்தை ஜெம்பே என்னும் மண்வெட்டியால் கொத்தி, மக்காச்சோளமும் பீன்ஸும் போடுகிறார்கள். அறுவடை முடிந்த கையோடு எல்லோரும் மூட்டையைச் சந்தைக்குக் கொண்டுவருவதால் விலை சரிந்து கிடக்கும். பழைய கடனையும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தையும் அடைக்க அப்போது விற்காமலும் முடியாது. சில மாதங்கள் கழித்து, வீட்டுக் குதிர் காலியான பிறகு, தாம் விற்ற அதே தானியத்தைக் கூடுதல் விலை கொடுத்துத் திரும்ப வாங்குவார்கள். இதை அறியாமை என்று சொல்வோர் உண்டு. ஆனால் சியாயாவுக்கு வடக்கே புங்கோமா பகுதியில், அறுவடைச் சமயத்தில் சிறு கடன் கொடுத்துப் பார்த்தபோது, உழவர்கள் தானியத்தை இருப்பு வைத்து, விலை ஏறிய பின் விற்று லாபம் பார்த்தார்கள். விவரம் அவர்களுக்கு முன்பே தெரியும். அந்த மாதத்தில் கையில் காசு இல்லை என்பதுதான் குறை.

இந்தச் சியாயாவில்தான் கிவ்டைரக்ட்லி என்ற தொண்டு அமைப்பு, எந்த நிபந்தனையும் இன்றி ஏழைக் குடும்பங்களுக்குப் பணம் அனுப்பத் தொடங்கியது. 2007இல் வந்த எம்-பெசா என்னும் கைபேசிப் பணச் சேவை இதற்கு வழி திறந்தது. கைபேசியில் குறுஞ்செய்தி வரும். பச்சை வண்ணம் பூசிய முகவர் கடைக்கு அடையாள அட்டையோடு போனால் ரொக்கம் கிடைக்கும். பெசா என்பது சுவாஹிலியில் பணம். நம் பைசாவுக்கு உறவான சொல் அது. ஒரு காலத்தில் கிழக்கு ஆப்பிரிக்காவில் ரூபாய்தான் நாணயமாகப் புழங்கியது.

ஏழை யார் என்பதை அவர்கள் எப்படி முடிவு செய்தார்கள் தெரியுமா? வருமானச் சான்றிதழ் கேட்கவில்லை. கூரையைப் பார்த்தார்கள். புல் வேய்ந்த வீடு என்றால் தகுதி உண்டு. தகரம் போட்ட வீடு என்றால் இல்லை.

2011 முதல் 2013 வரை, சியாயாவின் ராரியேடா பகுதியில், பொருளியலாளர்கள் ஜோஹன்னஸ் ஹவுஷோஃபரும் ஜெரமி ஷாபிரோவும் இதை ஓர் ஆய்வாக நடத்தினார்கள். ஷாபிரோ கிவ்டைரக்ட்லி அமைப்பை நிறுவியவர்களுள் ஒருவர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கணக்கை எழுதியவர் யார் என்று அறிந்துகொண்டு படிப்பது நல்லது. குலுக்கல் முறையில் சிலருக்குச் சிறு தொகை, 25,200 கென்ய ஷில்லிங். சிலருக்குப் பெருந்தொகை, 95,200 ஷில்லிங். சிறு தொகை பெற்றவர்களிலும் சிலருக்கு மொத்தமாக வந்தது. சிலருக்கு மாதம் 2,800 வீதம் ஒன்பது மாதங்கள் வந்தது. சில வீடுகளில் கணவன் கையில் கொடுத்தார்கள், சில வீடுகளில் மனைவி கையில். இதில் யார் கையில் கொடுத்தாலும் செலவின் போக்கில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. பெண் கையில் கொடுத்தால் எல்லாம் தானாகச் சரியாகும் என்று மேடைகளில் பேசிவந்தவர்களுள் நானும் ஒருவன் என்பதால், இதைச் சற்றுக் கூச்சத்தோடுதான் சொல்கிறேன்.

வேறுபாடு தெரிந்தது தொகையின் வடிவில். மாதாமாதம் பெற்ற வீடுகளில் சாப்பாட்டு நிலை மேம்பட்டது; ஒருவேளைச் சோற்றைத் தவிர்ப்பது குறைந்தது. மொத்தமாகப் பெற்ற வீடுகளோ தகரக் கூரை போன்ற நீடித்து உழைக்கும் பொருள்களில் கூடுதலாகப் பணத்தைப் போட்டன.

கூரை என்றதும் ஆடம்பரம் என்று நினைத்துவிட வேண்டாம். புல்கூரையில் மழைக்கு மழை ஒழுகும். ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை பிரித்து வேய வேண்டும். அதற்குப் புல் அறுக்க வேண்டும் அல்லது விலைக்கு வாங்க வேண்டும். வேய்கிற ஆளுக்குக் கூலி தனி. கீற்று மாற்றிய வீட்டில் பிறந்து வளர்ந்தவர்கள் இந்த அரங்கிலும் இருப்பீர்கள். ஐப்பசி இரவில் பாத்திரத்தை ஒழுகும் இடத்துக்கு நகர்த்தி வைத்த நினைவு உங்களுக்கு இருக்கும். மபாட்டி என்று அங்கே அழைக்கப்படும் நெளிதகரத்தைப் போட்டுவிட்டால் அந்த ஓயாத செலவு நின்றுபோகிறது; அடியில் வைத்த மூட்டை நனைவதில்லை; கூரையிலிருந்து வடியும் மழைநீரை டிரம்மில் பிடித்துக்கொள்ளவும் முடிகிறது. ஆக, தகரக் கூரை ஒரு சேமிப்பு. ஆனால் அரைக்கூரையாக அதைப் போட முடியாது. மாதம் 2,800 ஷில்லிங்கில் சோறு வரும், கூரை வராது. கறவை மாடும் அப்படித்தான். கால் மாடு வாங்க எந்தச் சந்தையிலும் வழியில்லை.

படித்தவர்களைவிட அந்த மக்கள் இதை முன்னதாகவே அறிந்திருக்கிறார்கள். 2018இல் அதே கென்யாவில், சியாயா, போமெட் மாவட்டங்களின் 295 ஊர்களை எடுத்துக்கொண்டு இன்னொரு பெரிய ஆய்வு தொடங்கியது. அபிஜித் பானர்ஜி, பால் நீஹாஸ், தவ்னீத் சூரி முதலியோர் நடத்துவது. 44 ஊர்களில் வயது வந்த ஒவ்வொருவருக்கும் மாதம் ஏறத்தாழ 22.50 டாலர், 12 ஆண்டுகளுக்கு; 80 ஊர்களில் அதே தொகை இரண்டே ஆண்டுகளுக்கு; 71 ஊர்களில் அந்த இரண்டாண்டுத் தொகை முழுவதும் ஒரே தடவையில்; மீதி 100 ஊர்கள் ஒப்பீட்டுக்கு. இரண்டாண்டு மாதத் தொகை பெற்றவர்களைக் காட்டிலும், மொத்தமாகப் பெற்றவர்கள் சிறு தொழில் தொடங்குவதில் முன்னே நின்றார்கள். அது எதிர்பார்த்ததுதான். ஆனால் மாதச் சிறுதொகை பெற்ற 12 ஆண்டுக்காரர்களும் அதே அளவு முன்னேறியது எப்படி? அவர்கள் சீட்டுப் போட்டார்கள். அங்கே அதற்குச் சாமா என்று பெயர். நம் ஊர்க் குலுக்கல் சீட்டேதான். பத்துப் பேர் சேர்ந்து மாதாமாதம் கட்டி, முறை வைத்து ஒருவர் மொத்தமாக எடுத்துக்கொள்கிறார்கள். 12 ஆண்டுகளுக்கு வரவு உறுதி என்று தெரிந்ததால், சீட்டில் துணிந்து சேர முடிந்தது. கொடுத்தவர்கள் துண்டு துண்டாக நறுக்கிக் கொடுத்ததை, வாங்கியவர்கள் ஒட்டிச் சேர்த்துக்கொண்டார்கள்.

ஊருக்குள் இவ்வளவு பணம் இறங்கினால் விலைவாசி ஏறி, பணம் வாங்காத பக்கத்து வீட்டுக்காரர் நொடிந்துபோவாரே என்ற அச்சம் நியாயமானது. பொருளியலாளர் எட்வர்ட் மிகேலும் கூட்டாளிகளும் 2014 முதல் சியாயாவின் 653 ஊர்களில் இதைத்தான் சோதித்தார்கள். 10,500க்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு, மூன்று தவணைகளில் தலா ஏறத்தாழ 1,000 டாலர். விலைவாசி உயர்ந்தது சராசரியாக 0.1 சதவீதம் மட்டுமே. கொடுத்த ஒவ்வொரு டாலருக்கும் வட்டாரத்தில் ஏறத்தாழ இரண்டரை டாலர் அளவுக்குப் பொருளாதாரம் வளர்ந்தது; பணம் பெறாத அண்டை வீடுகளும் பயனடைந்தன. காரணம் மர்மமானதன்று. மாவு மில்லை எண்ணிப் பாருங்கள்: நாள் முழுவதும் திறந்திருக்கும், அரைக்க வருகிறவர் நாலைந்து பேர். பத்துப் பேர் கூடுதலாக வந்தால் புது எந்திரம் வேண்டாம், புது ஆள் வேண்டாம். உட்கார்ந்திருந்த எந்திரம் ஓடும், அவ்வளவுதான். வேலையின்றித் தூங்கிக் கிடந்த ஊர் என்பதால்தான் விலை ஏறவில்லை. எல்லா இடத்துக்கும் இந்தக் கணக்குப் பொருந்தும் என்று நான் சொல்லமாட்டேன்.

இதே 653 ஊர்களின் பிறப்பு இறப்பு விவரங்களைத் திரட்டி 2025இல் வெளியிட்ட ஆய்வுதான் என்னை இன்று இங்கே பேச வைத்தது. பணம் பெற்ற குடும்பங்களில், ஒரு வயதுக்குள் இறக்கும் குழந்தைகளின் விகிதம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது. இங்கேயும் மாதம்தான் முக்கியம்: பேறுகாலத்தை ஒட்டிப் பணம் வந்த வீடுகளில்தான் உயிர்கள் காக்கப்பட்டன. நிறைமாதக் கர்ப்பிணியும் பச்சை உடம்புக்காரியும் வேலைக்குப் போகும் நேரம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. பிரசவம் மருத்துவமனையில் நடப்பது கூடியது. மழை பெய்து மண் நெகிழ்ந்துவிட்டால் கொத்துவேலை காத்திருக்காது. அந்த வாரத்தில் ஜெம்பேயைச் சுவரில் சாத்திவிட்டு ஒரு தாய் வீட்டில் இருக்க வேண்டுமானால், கூலிக்கு ஆள் வைக்கவோ சந்தையில் மாவு வாங்கவோ கையில் காசு வேண்டும். அந்தக் காசு அந்த வாரத்தில் இருந்தது.

ஆனால் இந்தப் பலன் மருத்துவர் உள்ள நிலையம் பக்கத்தில் இருந்த குடும்பங்களிடம்தான் வலுவாகத் தெரிந்தது. தொலைவில் இருந்தவர்களுக்கும் அதே 1,000 டாலர்தான் வந்தது. வலி எடுத்த பெண்ணைப் போடா போடா என்று அங்கே அழைக்கப்படும் வாடகை மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்காரவைத்துக் கொண்டுபோக வேண்டிய தூரம் மட்டும் அப்படியே இருந்தது.